9 என்று சொல்லி விற்ற 12 ட்விஸ்ட் ரைஃபிள்

ரீலோடிங் (சுட்ட கூட்டில் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், பறந்து போகும் முனையான புல்லட் மூன்றையும் புதிதாக வைத்து நாமே தோட்டா தயாரிப்பது) ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, முதல் பெட்டி புல்லட் வாங்குவதற்கு முன் ஒரு கிளீனிங் ராடை எடுத்துத் தன் ரைஃபிள் குழலின் ட்விஸ்ட்டை, அதாவது உள்வரிகளின் சுழற்சியை, அளந்து பார்த்தால் எனக்குப் போதும். அந்தக் கால் மணி நேர வேலையை யாரும் எனக்குச் சொல்லாததால் ஏறக்குறைய 1,000 டாலரும் ஒரு வருடத்தின் பெரும்பாலான சனிக்கிழமைகளும் போயின. தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் அள்ள அள்ளக் கிடைக்கிறது. ஆனால் நோய் என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் அதில் மருந்து இருக்கிறது. எனக்கு நோயே தெரியவில்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு .22 ரைஃபிளில் சுட்டதுதான் துப்பாக்கியோடு எனக்கு இருந்த ஒரே பழக்கம். அமெரிக்கா வந்தும் பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை இங்கே மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், விசா விஷயத்தில் அதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் டென்வருக்கு வெளியே துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றில் உறுப்பினரானேன். அங்கே 600 கஜப் போட்டி ஒன்று நடக்கும். பெரிய செலவில்லாமல் அதில் கலந்துகொள்ள .223 ரெமிங்டன் வகைத் தோட்டாவுக்கான ரைஃபிள் போதும், கனமான புல்லட் போட்டால் காற்றிலும் ஓரளவு நிற்கும் என்றார்கள். சரியான யோசனைதான். கடையில் வாங்கும் போட்டித் தோட்டாவின் விலையைப் பார்த்ததும் ரீலோடிங்கும் அதோடு ஒட்டிக்கொண்டது.

ஊர்க் கடை ஒன்றில் பழைய ரைஃபிள்கள் வைக்கும் வரிசையில், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் .223 இருந்தது. பார்க்க அழகு, போல்ட் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. தொங்கிய சீட்டில் 9 ட்விஸ்ட் என்று எழுதியிருந்தது. விற்றவரிடமும் கேட்டேன். “ஆமாம், இந்த மாடல் எல்லாமே ஒன்பதுதான்” என்றார். 69 கிரெயின் (புல்லட் எடையை அளக்கும் அலகு) சுடுமா என்றேன். தாராளமாக என்றார். 69-க்கு 9 நன்றாகப் பொருந்தும் என்று அதற்குள் படித்திருந்தேன், அதனால் பணத்தைக் கட்டிவிட்டேன். அந்தச் சீட்டில் இருந்த எண் தவறு. குழலில் இருந்தது 12.

இந்த எண்கள் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிட்டுப் போகிறேன். ரைஃபிள் குழலின் உள்சுவரில் சுருளாக வரிகள் ஓடும். அந்த வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர எத்தனை அங்குலம் ஆகிறதோ, அதுதான் ட்விஸ்ட். 12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 9 என்றால் 9 அங்குலத்துக்குள்ளேயே ஒரு சுற்று. ஆக, எண் சிறியதானால் சுழற்சி வேகம் அதிகம். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதை ரேஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். நொடிக்கு 2,900 அடி வேகத்தில் வெளியே போகும் புல்லட், 9 ட்விஸ்ட் குழலில் நிமிடத்துக்கு 2,32,000 சுற்றுச் சுற்றும். 12-ல் 1,74,000 தான். (வேகத்தை 720-ஆல் பெருக்கி ட்விஸ்ட்டால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்.) சுழற்சி எதற்கு என்பது பம்பரம் விட்ட எல்லோருக்கும் தெரியும். வேகம் போதாவிட்டால் தலை ஆடும், அப்புறம் சாய்ந்துவிடும். புல்லட் நீளமாக ஆக ஆக, காற்று அதன் மூக்கைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்க்கும் விசை கூடுகிறது. அதைத் தாங்க இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். கனத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நீளத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்லோரும் பேசுவது என்னவோ கிரெயினைப் பற்றித்தான். ஒரே விட்டத்தில் கனம் கூட்ட வேண்டுமானால் நீளத்தைக் கூட்டியாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். எப்போதும் அப்படி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரீலோடிங்குக்கான பிரஸ், கூட்டைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சான டை, தராசு, காலிப்பர் எல்லாம் வாங்கினேன். அதை நஷ்டத்தில் சேர்க்கவில்லை, இன்றும் அதில்தான் வேலை ஓடுகிறது. 69 கிரெயின் போட்டிப் புல்லட் 500 உள்ள பெட்டி ஒன்று 190 டாலர். கோடையில் சுட ஆரம்பித்தேன். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலக் குரூப் (துளைகள் சிதறி விழுந்த அகலம்). சில சமயம் ஒன்றேகால், சில சமயம் இரண்டுக்கு மேல். துளைகள் எல்லாம் வட்டமாகத்தான் இருந்தன. ட்விஸ்ட் தவறாக இருந்தால் புல்லட் குறுக்காகப் போய் அட்டையில் சாவித் துவாரம் மாதிரி விழும் என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். எனக்கு வட்டத் துளை விழுந்ததால், ட்விஸ்ட் மீது சந்தேகமே வரவில்லை. 300 கஜத்துக்குப் போனபோது, புல்லட்டின் பாதையைக் கணக்கிடும் செயலி சொன்ன இடத்தைவிடக் கீழேயே விழுந்துகொண்டிருந்தது. வேகத்தைத் தவறாக உள்ளிட்டிருப்பேன் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அதன்பிறகு நடந்தது ஒரு நீண்ட குற்றவாளி தேடல். முதலில் பவுடர். மானுவலில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து மேலே படிப்படியாக ஏற்றிப் பார்த்தேன், வேறு பவுடர் வாங்கிப் பார்த்தேன். புல்லட்டை எவ்வளவு ஆழம் செருகுவது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் அபாரமான குரூப் வரும், அதே செய்முறையில் அடுத்த வாரம் சொதப்பும். இதில் பவுடரும் பிரைமருமாக 300 டாலர் எரிந்தது. அப்புறம் குறிபார்க்கும் ஸ்கோப் ஆடுகிறது என்று நினைத்து அதைப் பிடிக்கும் ரிங்கை மாற்றினேன், 110 டாலர். கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கும் டை, 65 டாலர். கடைசியில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டையில் ரைஃபிள் சரியாக உட்காரவில்லை, அசையாமல் பதிய வைக்கும் பெட்டிங் வேலை செய்ய வேண்டும் என்றார். 250 டாலர். அவரும் குழலை அளக்கவில்லை, நான் சொன்ன 9-ஐ அப்படியே எழுதிக்கொண்டார். இதற்கு நடுவே, கனம் இன்னும் கூடினால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 77 கிரெயின் புல்லட்டும் 90 டாலருக்கு வாங்கி வைத்தேன். நல்லவேளை, அந்தப் பெட்டியை அப்போது உடைக்கவில்லை.

பணம்கூடப் பரவாயில்லை. உள்ளுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. பக்கத்து மேசையில் பதினாறு வயதுப் பையன் அப்பாவின் ரைஃபிளில் முக்கால் அங்குலம் சுடுவான். நான் மூச்சைப் பிடித்து, தோளைச் சரிசெய்து, விசையை அழுத்தி, பைனாகுலரில் பார்த்தால் ஒன்று மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கும். என் கை நடுங்குகிறது, கண் போய்விட்டது, இந்த விளையாட்டு எனக்கானது இல்லை என்றெல்லாம் நினைக்கத் தொடங்கினேன். வீட்டில் “பேசாமல் கோல்ஃப் ஆடியிருக்கலாம், வெயிலிலாவது நடந்த மாதிரி இருக்கும்” என்றாள். குளிர் தொடங்கியதும் குரூப் இன்னும் மோசமானது. விரல் விறைத்ததால் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் ஹூஸ்டன் போனோம். நண்பன் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கிறான், அவனுக்கும் ரேஞ்ச் பழக்கம் உண்டு. ரைஃபிளையும் என் தோட்டாக்களையும் கொண்டு போயிருந்தேன். அன்று வடக்கிலிருந்து குளிர் காற்று இறங்கி, ஹூஸ்டனுக்கு அது பெரிய குளிர். 40 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 100 கஜத்தில் சுட ஆரம்பித்தேன். முதல் இரண்டு குண்டும் அட்டையிலேயே இல்லை. மூன்றாவது, அட்டையின் ஓரத்தில் நீளவாக்கில் கிழித்திருந்தது. புல்லட்டின் பக்கவாட்டு உருவம் அப்படியே, மூக்கும் வாலும் தெரிகிற மாதிரி. நான்காவதும் அதே. ரேஞ்ச் ஆபீசர் அம்மா தொலைநோக்கியில் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து சுடுவதை நிறுத்தச் சொன்னார். குறுக்காக உருளும் புல்லட் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, மண்மேட்டைத் தாண்டினாலும் தாண்டும் என்றார். பிறகு, “என்ன ட்விஸ்ட்?” என்று கேட்டார். ஒன்பது என்றேன். “அளந்தீர்களா?” என்றார்.

நண்பன் வீட்டு கராஜில் அன்று மாலையே அளந்தோம். வேலை மிக எளிது. ரைஃபிள் காலியாக இருக்கிறது என்று தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். கைப்பிடி தனியாகவும் கம்பி தனியாகவும் சுழலக்கூடிய, பால் பேரிங் உள்ள கிளீனிங் ராட் வேண்டும். சுழலாத கம்பியில் இந்தச் சோதனை செல்லாது. நுனியில் சற்று இறுக்கமாக ஒரு துணித் துண்டை மாட்டிப் பின்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். துணி வரிகளைப் பிடித்துக்கொண்டதும் கம்பி தானாகத் திரும்பும். கம்பியில் ஒரு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டி, அது நேர் மேலே நிற்கும்போது ரிசீவரின் (போல்ட் ஓடும் பகுதி) பின் விளிம்புக்கு நேராகக் கம்பியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கம்பியை மெதுவாக வெளியே இழுங்கள். கொடி முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்ததும் அதே விளிம்புக்கு நேராக இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ட்விஸ்ட். தள்ளும்போது அளப்பதைவிட இழுக்கும்போது அளந்தால் துணி வழுக்குவது குறையும். ஒரு தடவையோடு விடாமல் சில தடவை பாருங்கள், ஒரே எண் வர வேண்டும். துணி வழுக்கினால் எண் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும் என்பதால் இது முக்கியம். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் 12-ஐ ஒட்டியே வந்தது.

கோபம் வந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. முதலில் வந்தது நிம்மதி. என் கையும் கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 12 ட்விஸ்ட்டில் 69 கிரெயின் உருளும் என்றால், டென்வரில் ஏன் வட்டத் துளை விழுந்தது? இதற்கு விடை கிடைத்த இரவு நான் தூங்கவில்லை. டான் மில்லர் என்பவர் 2005-ல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. புல்லட்டின் எடை, நீளம், விட்டம், குழலின் ட்விஸ்ட் இவற்றைப் போட்டால் ஒரு நிலைத்தன்மை எண் கிடைக்கும். வேகத்துக்கும் காற்றின் அடர்த்திக்கும் ஏற்ப அதைத் திருத்திக்கொள்ளலாம். எண் 1-க்குக் கீழே போனால் புல்லட் உருளும். 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை இல்லை. இடைப்பட்டது எல்லாம் இரண்டுங்கெட்டான் நிலை: துளை வட்டமாக இருக்கும், ஆனால் புல்லட் முழு அமைதியோடு பறக்காது. அமெரிக்காவின் பிரபல எறிகணை ஆய்வாளர் பிரையன் லிட்ஸ் சுட்டு அளந்து காட்டியதும் இதுதான். 1.5-க்குக் கீழே வர வர, புல்லட் காற்றைக் கிழித்துப் போகும் திறனும் குறைந்துகொண்டே வரும். 300 கஜத்தில் என்னுடையது கணக்கைவிடக் கீழே விழுந்ததற்கு விளக்கம் அதில் இருந்தது.

என்னுடைய புல்லட் நீளம் ஏறக்குறைய 0.90 அங்குலம். கடல் மட்டத்தில், 59 டிகிரியில், 12 ட்விஸ்ட்டுக்கு எண் 0.95-ஐத் தாண்டவில்லை. சீட்டில் சொன்ன 9 உண்மையாக இருந்திருந்தால் 1.65-க்கு மேல் வந்திருக்கும். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லிசு. கவிழ்க்கும் விசையும் அதே அளவுக்குக் குறைவு. 80 டிகிரிக் கோடையில் அதே புல்லட்டுக்கு எண் 1.2-க்குப் பக்கத்தில் வருகிறது. குளிர்காலத்தில் அங்கேயே 1.1-க்குக் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஹூஸ்டனில் 40 டிகிரியில் 0.91. ஆக நான் டென்வரில் சுட்ட ஒவ்வொரு குண்டும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, ஊரின் உயரம் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடல் மட்டத்தில் குடியிருந்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும், 190 டாலரோடு போயிருக்கும். மலை மேல் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: உங்கள் ஊரில் சரியாகச் சுடுகிறது என்பது அடிவாரத்தில் சரியாகச் சுடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தச் சூத்திரத்துக்கான கணிப்பானில் எண்ணைப் போடும்போது நீங்கள் சுடப்போகும் இடங்களிலேயே தாழ்வான, குளிரான இடத்தைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. 1879-ல் இங்கிலாந்தில் வூல்விச் ராணுவக் கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் போட்டது. 150-ஐப் புல்லட் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் அங்குலத்தில் வரும். எல்லா அளவும் அங்குலத்தில். இன்றைய அதிவேக ரைஃபிள்களுக்கு 150-க்குப் பதில் 180 போடுவார்கள். என் 69-க்கு அப்படிப் போட்டால் 10 வருகிறது. எடையே இந்தக் கணக்கில் இல்லை என்பதைப் பாருங்கள். கடையில் நின்றபடி, கைப்பேசியில் முப்பது நொடியில் பார்த்துவிட இதுவே போதும்.

இனி அந்த நீள விஷயம். .223 தோட்டாவில் போடும் .224 அங்குல விட்டப் புல்லட்டில், ஒரே 75 கிரெயினில், ஒரே நிறுவனத்தில், குட்டையான திறந்த மூக்குப் புல்லட்டும் கிடைக்கும், பிளாஸ்டிக் முனையோடு ஒல்லியாக நீண்டதும் கிடைக்கும். முதலாவது பல 9 ட்விஸ்ட் குழல்களில் ஓடிவிடும். இரண்டாவதற்கு 8 வேண்டும். பெட்டியில் 75 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர் மாட்டிக்கொள்வார். ஈயம் இல்லாத செம்புப் புல்லட்டும் இப்படித்தான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு அதிக நீளம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முழுவதுமாகத் தடை. அங்கே பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் செம்புக்கு மாறும்போது வழக்கமான எடையைவிட ஒரு படி குறைத்து எடுப்பது அதனால்தான். பிளாஸ்டிக் முனைக்கு மட்டும் ஒரு சின்னச் சலுகை: அந்த முனைக்கு எடையே இல்லை என்பதால் மொத்த நீளத்தை மில்லர் கணக்கில் போட்டால் உண்மையைவிட மோசமான எண் வரும். அதற்கெனத் திருத்திய சூத்திரம் இருக்கிறது, நல்ல கணிப்பான்கள் முனை நீளத்தைத் தனியாகக் கேட்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு, ஆனால் அது அவ்வளவு ஆழமில்லை. தேவைக்கு மேல் சுழற்றினால் பொதுவாகப் பெரிய கெடுதல் இல்லை. மெல்லிய உறை போட்ட, சின்னப் பிராணிகளுக்கான இலகு புல்லட்டை 7 ட்விஸ்ட் குழலில் முழு வேகத்தில் சுட்டால் மட்டும் ஆபத்து. நொடிக்கு 3,300 அடியில் அது நிமிடத்துக்கு 3,39,000 சுற்றுக்குப் போய்விடும். சில புல்லட்டுகள் இலக்கை எட்டும் முன்பே காற்றில் தூளாகிவிடும். இரண்டுக்கும் நடுவே தயங்குகிறீர்களா, வேகமான ட்விஸ்ட்டையே எடுங்கள் என்பேன்.

இந்தப் பள்ளத்தில் என்னைவிடப் பெரியவர்கள் எல்லாம் விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-ன் ஆரம்பகாலக் குழல் 14 ட்விஸ்ட். ஆர்க்டிக் குளிரில் சோதித்தபோது 55 கிரெயின் புல்லட்டே தடுமாறி, 12-க்கு மாற்றினார்கள். 1980-களில் 62 கிரெயின் தோட்டாவும் அதைவிட நீளமான டிரேசரும் (ஒளிவிட்டுப் பறக்கும் புல்லட்) வந்ததும் எம்16ஏ2-க்கு 7 வைத்தார்கள். இன்னும் சுவாரசியமானது 1955-ன் கதை. அந்த வருடம் வின்செஸ்டர் நிறுவனம் .243 தோட்டாவை 10 ட்விஸ்ட் குழலோடு விட்டது, ரெமிங்டன் நிறுவனம் .244-ஐ 12-ஓடு விட்டது. இரண்டுக்கும் புல்லட் விட்டம் ஒன்றே. மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெயின் கேட்டார்கள், .244-ன் குழல் 90-க்கே அமைந்தது. வாங்குபவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். 1963-ல் அதே கூட்டுக்கு 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, 9 ட்விஸ்ட்டும் கொடுத்தார்கள். நல்ல தோட்டா, ஆனாலும் இழந்த சந்தை திரும்ப வரவில்லை.

இதிலிருந்து பழைய ரைஃபிள் வாங்குபவருக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. 6.5 கிரீட்மோர் மாதிரி புதிய தோட்டாக்கள் பிறக்கும்போதே நீளப் புல்லட்டுக்கென்று 8 ட்விஸ்ட்டோடு பிறந்தவை, அவற்றில் இந்தத் தலைவலி குறைவு. .223, .22-250, .243 போன்ற பழையவற்றில்தான் ஒரே மாடல் பெயரில் வருடத்துக்கு வருடம் ட்விஸ்ட் மாறியிருக்கும், முந்தைய சொந்தக்காரர் குழலையே மாற்றியும் இருப்பார். குழலின் மேல் எண் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம், பலவற்றில் இருக்காது. அதனால் ராடும் துணியும் கையோடு கொண்டு போங்கள், கடையில் அனுமதி கேட்டு அங்கேயே அளங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். சீட்டையும் மாடல் பெயரையும் நம்பச் சொல்கிற விற்பனையாளரிடம் ரசீதில் ட்விஸ்ட்டை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தருகிறாரா, “சரியாகத் தெரியவில்லை” என்கிறாரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நான் திரும்பிப் போய்க் கேட்டபோது, பழைய பொருளுக்குத் திருப்பிக் கொடுத்தல் இல்லை, சீட்டு யார் எழுதியது என்று தெரியவில்லை என்றார்கள். ரசீதில் மாடலும் சீரியல் எண்ணும் மட்டும் இருந்ததால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் பவுடர் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

முதலில் புல்லட் ஒரு சின்ன பாக்கெட் வாங்குங்கள், 500 வேண்டாம். பல நிறுவனங்கள் பெட்டியிலேயே எந்த ட்விஸ்ட் வேண்டும் என்று அச்சிடுகின்றன, அதைப் படியுங்கள். இன்னொன்று, இதை அழுத்தியே சொல்ல வேண்டும்: புல்லட்டின் எடையை மாற்றினால் பவுடர் அளவும் மாற வேண்டும். 52 கிரெயினுக்குப் போட்ட அதே பவுடரின் மேல் 77-ஐச் செருகினால் அழுத்தம் எகிறும், ரைஃபிளும் முகமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புல்லட்டுக்கும் மானுவலைத் திறந்து, ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ட்விஸ்ட் பொருந்துகிறதா என்ற ஆர்வத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

அந்த ரைஃபிளை விற்கவில்லை. 52 கிரெயின் புல்லட் ஒரு பாக்கெட் வாங்கினேன், நீளம் 0.70 அங்குலம் வரும். கடல் மட்டத்திலேயே எண் 1.45-ஐ ஒட்டி வருகிறது, டென்வர் கோடையில் 1.8-ஐத் தாண்டும். நான் நிறையப் பணம் போட்டு ‘சரிசெய்த’ அதே ரைஃபிள், அதே பிரஸ், அதே கை. முதல் நாளே முக்கால் அங்குலம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 200 கஜத்துக்குள் அது அருமையான ரைஃபிள், மகளுக்கும் உதை கம்மியாக இருக்கிறது. மிச்சமிருந்த 69-களை நண்பனே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான், அவனுடையது நிஜமான 9.

600 கஜ ஆசை போகவில்லை. இன்னொரு ரைஃபிளுக்கு 8 ட்விஸ்ட் குழல் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை உடைக்காமல் வைத்திருந்த 77 கிரெயின் பெட்டி பயன்பட்டது. எண் 1.7-க்கு மேல், ஹூஸ்டன் குளிரிலும் தாங்கும். 80 கிரெயினுக்குப் போகலாமா என்று இப்போது யோசனை. குழல் அதையும் சுழற்றும், ஆனால் அந்த நீளத்தில் தோட்டா மேகசினுக்குள் அடங்காது, ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். எங்கள் போட்டியில் அதற்கு நேரம் தாராளமாகக் கொடுக்கிறார்கள், அதனால் ஒரு சின்ன பாக்கெட் மட்டும் வாங்கிப் பார்க்கப் போகிறேன்.